வேலப்பன்சாவடியில் கேட்ட சங்கதி

சென்னைப் பட்டணத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்யும் நேயர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கலாம். கோயம்பேடு, நெற்குன்றம், மதுரவாயல், வானகரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போன பிறகு, வரிசையாகச் சாவடிகள் வரத் தொடங்குகின்றன. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி! இத்தனை சாவடிகளிலும் இளைப்பாறிக்கொண்டுதான் அந்தக் காலத்து மனிதர்கள் பூந்தமல்லியைப் போய்ச் சேர்ந்தார்கள் போலும்!

சாவடி என்றால் இன்னது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நடந்து வந்தவன் மூட்டையை இறக்கி வைக்கவும், வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக் கட்டவும், மழை வந்தால் ஒதுங்கி நிற்கவும், ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஊர்க் காரியம் பேசவும் ஏற்பட்ட இடம் அது. இத்தனை உபயோகங்களுக்கும் மூன்றே எழுத்தில் ஒரு சொல் போதுமானதாயிருந்தது. அதே கட்டடத்தை இன்று கட்டுவதாயிருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று சிறிது யோசித்துப் பார்த்தோம். "நெடுஞ்சாலைப் பயனாளிகளுக்கான ஒருங்கிணைந்த பன்னோக்கு இளைப்பாறு வசதி மேம்பாட்டு மையம்" என்று வைக்கக்கூடும். பலகையை எழுதி முடிப்பதற்குள் வழிப்போக்கன் அடுத்த ஊருக்கே போய்விடுவான்!

ஆயினும் சாவடி என்ற சொல் இன்னும் சாகவில்லை. சுங்கச்சாவடி இருக்கிறது, காவல் சாவடி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வாக்குச்சாவடி இருக்கிறது. சுங்கச்சாவடியில் நாம் பணத்தைக் கொடுக்கிறோம். வாக்குச்சாவடியில் நம்பிக்கையைக் கொடுக்கிறோம். கொடுத்த நம்பிக்கைக்குப் பதிலாக நமக்குத் திரும்பக் கிடைப்பது என்ன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் நாமும் நமது நண்பர் ஒருவரும் திருவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். நண்பர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷ காலம் கோப்புகளுடன் குடும்பம் நடத்தியவர். கருமாரியம்மனைத் தரிசிக்க வேண்டுமென்று அவருக்கு வெகு நாளாய் ஆசை. பஸ்ஸில் ஏறி ஒருவாறு இடம் பிடித்து உட்கார்ந்து, வானகரத்தையும் தாண்டியாயிற்று. சட்டென்று கண்டக்டரின் குரல் எழுந்தது.

"வேலப்பன்சாவடி! திருவேற்காடு போறவங்கல்லாம் இங்கேயே எறங்குங்க! சீக்கிரம்!"

நேயர்கள் இந்த வாக்கியத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். யார்? திருவேற்காடு போகிறவர்கள். எங்கே? இங்கே. என்ன செய்ய வேண்டும்? இறங்க வேண்டும். எப்போது? சீக்கிரம். நாலு கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் விடை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் இருந்த படித்தவர், படிக்காதவர், குழந்தையைத் தோளில் சாத்தியிருந்த தாய், கூடையை மடியில் வைத்திருந்த பூக்காரி எல்லாருக்கும் விஷயம் விளங்கிற்று. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள்.

வேலப்பன்சாவடி இன்று பழைய சாவடியாக இல்லை. பல் வைத்தியக் கல்லூரியும், பெரிய ஆஸ்பத்திரியும், உயர்ந்த மாடிக் கட்டடங்களும் வந்துவிட்டன. பெங்களூருக்குப் போகிற லாரிகளும், வெள்ளை அங்கி தரித்த மாணவர்களும், ஷேர் ஆட்டோக்களும், மஞ்சள் புடவை கட்டிய பக்தர்களும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிறார்கள். வடக்கே பிரியும் சாலையில் சென்றால் திருவேற்காடு. கூவம் ஆறு அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பட்டணத்துக்குள் வந்த பிறகு அந்த ஆற்றுக்கு நேர்ந்த கதி எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் மட்டும், தானும் ஓர் ஆறுதான் என்பதை அது கரையோரத்து ஜனங்களுக்கு ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை.

நாம் இறங்கியதுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. பழைய சாவடி இருந்திருந்தால் அங்கே ஒதுங்கியிருக்கலாம். இல்லாதபடியால் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினோம். அங்கே பெஞ்சியின் ஓரத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. நமது மூக்குக்கண்ணாடியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதம் வெளிப்பட்டது.

"தம்பி, கண்ணாடி போட்டிருக்கீங்க, படிச்சவங்களாத் தெரியுது. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நானும் எத்தனையோ பேர்கிட்டே காட்டிட்டேன். எல்லாரும் நல்லாத்தான் படிக்கிறாங்க. ஆனா ஒருத்தரும் விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அந்த அம்மாளின் சொந்த ஊர் வேலப்பன்சாவடி அன்று; வேறொரு ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சிறு பட்டணம். அதன் பெயர் இங்கே வேண்டாம். மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் அவருடைய வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீர் வடிவதற்கு ஒரு கால்வாய் வெட்டித் தர வேண்டுமென்று அவ்வூர் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். அதற்கு வந்த பதில்தான் அந்தக் காகிதம். பதில் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

நாம் வாங்கிப் படித்தோம். அதன் சாரம் பின்வருமாறு: "தங்களது மனு உரிய பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, நிதிநிலைக்கு ஏற்பவும் முன்னுரிமையின் அடிப்படையிலும் மேல்நடவடிக்கை தொடரப்பட்டு, விரைவில் ஆவன செய்யப்படும் என்ற விவரம் இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

"கால்வாய் வருமா, வராதா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நாம் மறுபடியும் படித்தோம். மூன்றாம் முறையும் படித்தோம். தமிழ் இலக்கணத்தில் நமக்குள்ள சொற்பப் பயிற்சியையெல்லாம் கொண்டு அந்த வாக்கியத்தின் எழுவாயைத் தேடினோம். பரிசீலிக்கப் போவது யார்? தொடரப் போவது யார்? செய்யப் போவது யார்? ஒருவரும் இல்லை! 'எடுத்துக்கொள்ளப்பட்டு', 'தொடரப்பட்டு', 'செய்யப்படும்', 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று காரியங்களெல்லாம் தாமாகவே நடக்கின்றன. மனிதர் யாரும் அந்தக் கடிதத்தில் குடியிருக்கவில்லை. கையெழுத்துக்கூட ஒரு சுழியாகத்தான் இருந்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டு காகிதத்தை நண்பரிடம் நீட்டினோம். அவர் அதைப் பார்த்ததும் முகம் வேறாகிவிட்டது. சற்று நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இதை நான் எழுதவில்லை. ஆனால் இதைப்போல் ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன்" என்றார்.

"ஏன் ஸார், அப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"ரொம்பச் சுலபமான கணக்கு. 'செய்வோம்' என்று எழுதினால் 'எப்போது?' என்று கேட்பார்கள். 'செய்ய முடியாது' என்று எழுதினால் 'ஏன்?' என்று கேட்பார்கள். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மனுவுக்குப் பதில் போயிற்று என்று பதிவேட்டில் குறித்துக் கோப்பைக் கட்டி வைத்துவிடலாம்."

"அக்கிரமம் அல்லவா?"

"அக்கிரமம்தான். ஆனால் முழுக் குற்றமும் எழுதுகிறவனுடையது என்று சொல்லிவிடாதீர்கள். கால்வாய்க்குப் பணம் அவன் கையில் இல்லை. மதிப்பீடு தயாராக வேண்டும். தொழில்நுட்ப அனுமதி வேண்டும். நிர்வாக அனுமதி வேண்டும். மன்றத்தில் தீர்மானம் வேண்டும். மேலேயிருந்து நிதி வர வேண்டும். அப்புறம் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் எப்படி வாக்குக் கொடுப்பான்? பயத்தினால் எழுதுகிறான். நானும் பயத்தினால்தான் எழுதினேன்."

இப்படிச் சொல்லிவிட்டு நண்பர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா! இந்தக் கடுதாசியில் ஒன்றுமே இல்லை. கால்வாய் வரும் என்றும் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. உங்களைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்."

அந்த அம்மாள் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்: "இதை அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா நாலு வருஷம் காத்துக்கிட்டிருந்திருக்க மாட்டேனே, தம்பி! அக்கம்பக்கத்துல நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு மண்ணைக் கொட்டி வாசப்படியை ஒசத்தியிருப்பேன். வரும் வரும்னு நெனைச்சு, ஒவ்வொரு மழைக்கும் கட்டில் காலுக்குச் செங்கல் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில சுவரே ஊறிப் போச்சு. வீட்டைப் பூட்டிக்கிட்டு இங்கே மகன் வீட்டுக்கு வந்துட்டேன்."

நேயர்களே, பொருளற்ற வார்த்தையினால் விளையும் தீங்கு என்னவென்று அன்றைய தினம் நமக்கு விளங்கிற்று. அது காதுக்கு இனிமையாயில்லை என்பதோ, தமிழ் நடையைக் கெடுக்கிறது என்பதோ பெரிய விஷயமல்ல. அது மனிதர்களைக் காத்திருக்க வைக்கிறது. 'முடியாது' என்ற கடுமையான சொல் அந்த அம்மாளை அழ வைத்திருக்கும். ஆனால் மறுநாள் அவர் மண்வெட்டியை எடுத்திருப்பார். 'ஆவன செய்யப்படும்' என்ற மிருதுவான சொல் அவருடைய நாலு வருஷத்தையும் ஒரு வீட்டையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இவ்விதச் சொற்களுக்கு ஸ்தல ஸ்தாபனங்களின் உலகத்தில் பஞ்சமே இல்லை. சாலை பழுதுபார்க்கும் வேலை 'போர்க்கால அடிப்படையில்' நடைபெறும் என்கிறார்கள். எந்தப் போர் என்று சொல்வதில்லை. ஐரோப்பாவில் நூறு வருஷப் போர் என்று ஒன்று நடந்தது. ஒருகால் அதுவாக இருக்கலாம். கோரிக்கை ஒன்று 'அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது' என்கிறார்கள். கொண்டு சென்றவர் திரும்பி வந்தாரா என்பது தெரிவதில்லை. தேர்தல் காலத்தில் வார்டுக்கு வார்டு 'வளர்ச்சி', 'மேம்பாடு', 'அடிப்படைக் கட்டமைப்பு' என்று துண்டுப் பிரசுரம் வருகிறது. எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்று மட்டும் அதில் இருப்பதில்லை.

பழைய காலத்தில் நம்மவர்கள் இப்படியா இருந்தார்கள்? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள். போட்டிக்கு நிற்பவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. வாரியங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஏரியைக் கவனிப்பது ஏரி வாரியம், தோட்டத்தைக் கவனிப்பது தோட்ட வாரியம், பொன்னைச் சோதிப்பது பொன் வாரியம். ஏரி உடைந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று ஊர்ச் சிறுவனுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. ஆகையால் அதை அப்படியே பொற்காலம் என்று நாம் கொண்டாட வரவில்லை. நமது டீக்கடை அம்மாள் அந்தச் சபையின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது. இன்று முடியும், வாக்குச்சாவடிக்குப் போகிறார், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உரிமை இவ்வளவு வளர்ந்திருக்கிறது. அந்த உரிமையாளருக்குப் பதில் சொல்லும் பாஷை மட்டும் பின்னுக்குப் போய்விட்டது என்பதுதான் நமது முறையீடு.

நமது தேசத் தலைவர்களில் பலர் அரசியல் பாடத்தை முனிசிபாலிடிகளில்தான் படித்தார்கள். ராஜாஜி 1917-ல் சேலம் நகரசபைக்குத் தலைவரானார். 1923-ல் ஜவாஹர்லால் நேரு அலகாபாத் நகரசபைக்கும், 1924-ல் சர்தார் படேல் ஆமதாபாத் நகரசபைக்கும் தலைமை வகித்தார்கள். சாக்கடையும் தெருவிளக்கும் குடிதண்ணீரும் அவர்களுக்குச் சிறிய விஷயங்களாகத் தோன்றவில்லை. சென்னையில் தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் மேயரானார். பட்டணத்துக்குத் தண்ணீர் போதவில்லை. இன்ன ஆற்றில் இன்ன இடத்தில் அணை வேண்டும் என்று வாதாடினார். கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் 1940-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1944-ல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. 1943-லேயே அவர் காலமாகிவிட்டார். தண்ணீர் நிரம்பியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் பூண்டித் தண்ணீர் பட்டணத்துக்கு வந்தது. இன்றும் அந்த நீர்த்தேக்கம் அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்குகிறது. வேலப்பன்சாவடி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பூண்டியும் இருக்கிறது.

அன்னிய ஆட்சி போன பிறகு, அன்னிய பாஷையும் அலுவலகங்களிலிருந்து போக வேண்டுமென்று ஜனங்கள் விரும்பியது நியாயமே. 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறிற்று. நகராட்சி ஆணையராகப் பணியாற்றிய கீ. இராமலிங்கனார் போன்ற அறிஞர்கள், ஆட்சித்துறைச் சொற்களுக்குத் தமிழ் காண்பதற்கு அரும்பாடு பட்டார்கள். அவர்களுடைய நோக்கம் ஒன்றே. குடிமகன் தன் சர்க்காரின் பேச்சைத் தன் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பிற்பாடு நடந்தது என்ன? இங்கிலீஷில் இருந்த மூடுபனியைப் பலர் அப்படியே தமிழில் பெயர்த்து வைத்துவிட்டார்கள்! அன்னிய பாஷை புரியவில்லையென்றால், அது நம் பாஷை அல்ல என்று சமாதானம் செய்துகொள்ளலாம். சொந்தத் தாய்மொழியே புரியவில்லையென்றால் எங்கே போய் முறையிடுவது?

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியது என்று நேயர்கள் வருந்த வேண்டாம். இங்கிலீஷ்காரர்களையும் அது விடவில்லை. சிறு வயதில் எழுதப் படிக்க அறியாதிருந்த கிரிஸ்ஸி மேஹர் என்ற லிவர்பூல் பெண்மணி, 1979-ல் லண்டன் பார்லிமெண்டுச் சதுக்கத்தில் சர்க்கார் பாரங்களைக் கிழித்துப் போட்டு, எளிய இங்கிலீஷுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். முப்பது வருஷத்துக்குப் பிறகு, 2009-ல், அந்நாட்டு உள்ளாட்சிச் சங்கமே முன்வந்து, நகரசபைகள் உபயோகிக்கக் கூடாத 200 சொற்களின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டது. அதில் 'பீக்கனிசிட்டி' என்று ஒரு சொல். 'கலங்கரைவிளக்கத்தன்மை' என்று தமிழில் சொல்லலாம். அந்தத் தன்மை எந்த நகரசபைக்கு இருந்ததோ, எந்த நகரசபைக்கு இல்லையோ, குப்பை வண்டி வரும் கிழமையைத் தெரிந்துகொள்ள விரும்பியவனுக்கு அதனால் வெளிச்சம் கிடைத்திராது. அமெரிக்காவிலோ 2010-ல் சட்டமே செய்துவிட்டார்கள். மத்திய சர்க்கார் இலாகாக்கள் ஜனங்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டும் என்று.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். கடினமான சொல்லெல்லாம் பொருளற்ற சொல்லா? அப்படியன்று. 'ஒப்பந்தப்புள்ளி' என்ற சொல் முதலில் கேட்கும்போது மிரட்டுகிறது. ஆனால் அதற்குப் பொருள் உண்டு. டெண்டர் என்றால் டீக்கடைக்காரருக்கும் தெரியும். 'கன அடி' என்ற சொல்லும் அப்படியே. பொறியாளர்களுக்கு அது இன்றியமையாதது. ஆனால் சொல்கிற இடமும் கேட்கிற ஆளும் மாறினால் பொருளுள்ள சொல்லும் பொருளற்றதாகிவிடும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அடையாற்றுக் கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு 29,000 கன அடி என்றால் என்ன தெரியும்? 'இன்று இரவுக்குள் உங்கள் தெருவில் ஆள் உயரத் தண்ணீர் வரும். குழந்தைகளையும் கிழவர்களையும் அழைத்துக்கொண்டு இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்' என்பதுதான் அவர்களுக்குப் புரியும் பாஷை. தெளிவாகப் பேசுவது இலக்கிய விஷயம் மட்டுமன்று; சில இரவுகளில் அது உயிர் விஷயம்.

ஆகவே, உள்ளாட்சி மன்றத்திலிருந்து வரும் எந்தப் பேச்சையும் எந்தக் கடிதத்தையும் உரைத்துப் பார்க்க நம்மிடம் ஓர் உரைகல் இருக்க வேண்டும். அந்த உரைகல்லை நமக்குக் கொடுத்தவர் வேலப்பன்சாவடி பஸ்ஸின் கண்டக்டர். யார், எங்கே, என்ன, எப்போது? பணம் சம்பந்தப்பட்ட காரியமானால் 'எவ்வளவு' என்ற ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் அது பேச்சு. ஒன்றுக்கும் விடை இல்லாவிட்டால், அது எவ்வளவு செந்தமிழானாலும், வெறும் சத்தம்.

இந்தக் கேள்விகளைக் கேட்க இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை. கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு நாலு முறை கூடிவந்த அதனை ஆறு முறை கூட்டுவதென்று 2022-ல் முடிவாயிற்று. பட்டணவாசிகளுக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற குறையும் அதே வருஷம் நவம்பர் முதல் தேதி தீரத் தொடங்கிற்று. அன்று உள்ளாட்சி தினத்தை ஒட்டி நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்திருந்தார். கௌன்ஸிலரை நேருக்கு நேர் பார்த்து, 'எங்கள் தெருக் கால்வாய் எந்த மாதம்?' என்று கேட்பதற்கு அது தகுந்த இடம். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தால், 'யாரால்?' என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். ஒரே ஒரு கேள்விதான். ஆனால் மூடுபனிக்குச் சூரியோதயம் எப்படியோ, 'செய்யப்படும்' என்ற சொல்லுக்கு 'யாரால்' என்ற கேள்வி அப்படி.

எழுத்திலும் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலாக 1997-ல் சட்டம் செய்தது தமிழ்நாடுதான். 2005-ல் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் தமிழிலேயே விண்ணப்பம் எழுதிப் போடலாம். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும்.

இதையெல்லாம் நாம் யோசித்துக்கொண்டு நின்றபோது, நண்பர் சும்மா இருக்கவில்லை. டீக்கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, பெஞ்சியின் மேல் வைத்து எழுதத் தொடங்கியிருந்தார். எழுதி முடித்ததும் அந்த அம்மாளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"ஒன்று: நான் கொடுத்த மனு, எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் போயிற்று? இரண்டு: எங்கள் தெருக் கால்வாய்க்கு மதிப்பீடு தயாரித்ததுண்டா? உண்டானால் தொகை எவ்வளவு? அதன் நகல் வேண்டும். மூன்று: மன்றத்தில் தீர்மானம் ஆனதுண்டா? ஆனால் அதன் எண்ணும் தேதியும் என்ன? நாலு: நிதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியதுண்டா? எழுதிய கடிதத்தின் நகல் வேண்டும்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"அவ்வளவுதான், அம்மா."

"இது எனக்கே புரியுதே!"

முப்பது வருஷம் சர்க்கார் எழுத்து எழுதிய நண்பருக்கு அன்று கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, தாளை மடித்து அந்த அம்மாளின் பிளாஸ்டிக் பைக்குள் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டணத்தைச் செலுத்தி, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடும்படி மகனிடம் சொல்லச் சொன்னார்.

மழை விட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறித் திருவேற்காடு போய்ச் சேர்ந்தோம். அம்மன் தரிசனம் நன்றாய்க் கிடைத்தது. அப்படியே வேதபுரீசுவரர் கோயிலுக்கும் போனோம். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார் இவ்வூரில்தான் அவதரித்தார். சூதாடி ஜயித்த பணத்தைக் கொண்டு அடியார்களுக்கு அன்னமிட்டவர் அவர். ஆட்டத்தில் தோற்றுவிட்டுச் சொன்ன சொல்லிலிருந்து நழுவப் பார்த்தவர்களை உடைவாளை உருவிக் குத்திவிடுவாராம். அதனாலேயே மூர்க்கர் என்று பெயர் வந்ததாம். அவருடைய முறையை நாம் சிபாரிசு செய்யவில்லை. காந்தி மகாத்மா பிறந்த தேசத்தில் அது தகாது. ஆனால் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதுவதற்குப் பேனாவை எடுக்கும் அன்பர்கள், சொன்ன சொல் தவறினால் பொறுக்காத ஒருவர் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார் என்பதை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் நல்லது.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்காக நின்றோம். டீக்கடையில் அந்த அம்மாள் இல்லை. கடைக்காரர் நம்மைக் கண்டு சிரித்து, "அந்தப் பாட்டி அப்பவே தபால் ஆபீஸுக்குப் போகணும்னு கிளம்பிட்டாங்க, ஸார். மகன் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொன்னேன். 'காத்திருந்ததெல்லாம் போதும்'னு சொல்லிட்டாங்க" என்றார்.